அளவு ஜாக்கெட்

மூணாறுக்கு டூர் போறப்போ போடிமெட்டு ரோட்டில காலையில ஜீப் ஜீப்பா பொம்பளைங்க போறதைப் பார்த்திருப்பீங்க. சேலைக்கு மேல ஆம்பளை முழுக்கைச் சட்டை, தலையில துண்டு, மடியில தூக்குவாளி. போட்டோ எடுத்தவங்களும் இருப்பீங்க. அந்த மாதிரி ஜீப்புல ஒண்ணுல நாற்பது வருஷத்துக்கு மேல எங்க அக்கா போயிட்டு இருக்கு. அது போட்டிருக்கிற சட்டை என்னோடது.

எங்க ஊர் தேவாரத்தில வாசல்ல நின்னாலே மேற்கே மலை தெரியும். மேல ஏறிட்டா கேரளா, ஏலக்காடு. சாக்கலூத்து மெட்டு வழியா ரோடு போட்டுக் குடுங்கன்னு ஊர்க்காரங்க எத்தனையோ வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கோம், இன்னும் ஆகல. கண்ணுக்கு எதிரே நிக்கிற மலைக்கு போடிமெட்டோ கம்பம்மெட்டோ சுத்தித்தான் போகணும். அக்கா நாலு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கி தூக்குவாளியில அடைச்சுக்கிட்டு, வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி ஜீப்புக்கு நிக்கும். திரும்பி வர்றப்போ பொழுது இறங்கியிருக்கும்.

ஏலக்காய் ஏதோ மரத்துல கொத்துக் கொத்தா தொங்கும்னு நினைக்கிறவங்க டவுன்ல நிறையப் பேர். செடி ஆள் உயரத்துக்கு மேல வளரும், வாஸ்தவம். ஆனா காய் அடித்தூர்ல, தரையோட தரையா ஓடுற சரத்துலதான் பிடிக்கும். அதை நின்னுக்கிட்டு எடுக்க முடியாது. குத்தவச்சு, குனிஞ்சு, ஒரு கையால தட்டையை விலக்கி, இன்னொரு கையை உள்ள விட்டு, முத்தின காயா பார்த்துக் கிள்ளணும். அப்படியே நகர்ந்து அடுத்த தூர். ஒரு சுத்து எடுத்து முடிச்சா நாற்பது நாற்பத்தஞ்சு நாள்ல மறுசுத்து வந்திரும். மழை, குளிர், அட்டை, செடிக்கு அடிச்ச மருந்து வாடை. அதுக்குத்தான் அந்த முழுக்கைச் சட்டை. அழகுக்கு யாரும் போடல.

அக்கா அஞ்சாவதோட நின்னுருச்சு. அது மலைக்குப் போன சம்பளத்துலதான் நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சேன். எனக்குப் பழசான சட்டையெல்லாம் அக்காவுக்குப் போகும். அதை ஒரு பெரிய விஷயமா நான் நினைச்சதே இல்ல. போன வருஷம் அக்காவோட சின்ன மக கல்யாணம் பேசி முடிச்சப்போதான் பேச்சு வேற பக்கம் திரும்புச்சு.

தாய்மாமன் வீட்டுச் சீர்ல அக்காவுக்கும் ஒரு பட்டுச்சேலை எடுத்தோம். ஜாக்கெட் தைக்கக் குடுக்கணும், அளவு ஜாக்கெட்டைக் குடுக்கான்னு எங்க வீட்டம்மா கேட்டாள். அக்கா சொல்லுச்சு: "எனக்கு எதுக்குத்தா பட்டு ஜாக்கெட்டு? சேலையை இழுத்துப் போர்த்திக்கிட்டா ஆச்சு. யாரு பாக்கப் போறா?" பெத்த மக கல்யாணத்துல மணமேடையில நிக்க வேண்டிய ஆள் பேசுற பேச்சா இது? நான் சத்தம் போட்டேன். வீட்டம்மா என்னை வெளிய போகச் சொல்லிட்டாள்.

அப்புறம் ராத்திரி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது. அக்காவுக்குப் பத்துப் பன்னெண்டு வருஷமா எந்த ஜாக்கெட்டும் சேரல. வலது பக்கம் கழுத்து சரிஞ்சு தோள்ல இருந்து நழுவுது. இடது கக்கத்துல இறுக்கிப் பிடிச்சு புண்ணாகிருது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கிட்டு மேல என் சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியுது. மலைக்கு மட்டும் இல்ல, சந்தைக்கு, ரேஷன் கடைக்கு, துஷ்டி வீட்டுக்கு எல்லாத்துக்கும் சட்டைதான். நாங்க அது அக்காவோட பழக்கம்னு நினைச்சுக்கிட்டோம்.

இங்க அளவு ஜாக்கெட் சமாசாரத்தைச் சொல்லணும். உங்களுக்கும் தெரிஞ்சதுதான். டெய்லர் ஆளை அளக்கிறது இல்ல. நல்லா சேர்ற ஜாக்கெட் ஒண்ணைக் குடுத்துட்டு வந்தா, அதைத் துணி மேல விரிச்சு சாக்பீஸால கோடு போட்டு அப்படியே வெட்டிருவார். ஆம்பளை டெய்லர், பொம்பளை ஆள், தொட்டு அளக்கிறதுல ரெண்டு பேருக்கும் சங்கடம். அதனால வந்த பழக்கம். தப்புச் சொல்ல முடியாது. ஆனா அந்த ஜாக்கெட் தச்சு வருஷம் எத்தனை ஆச்சுன்னு யாரும் கேக்குறது இல்ல. அக்கா குடுத்துக்கிட்டு இருந்தது பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின உடம்புக்குத் தச்சது. துணி மட்டும் புதுசு, உள்ள இருக்கிற ஆள் அளவு பழசு. சேரலைன்னு சொன்னா, கை நுழையுற குழியை இன்னும் அரை இஞ்ச் தோண்டி விடுவாங்க. அடுத்த தடவை இன்னும் அரை இஞ்ச்.

எங்க வீட்டம்மா டெய்லர் இல்ல. பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா, வீட்டுக்காரர் இறந்ததுக்கு அப்புறம் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்துல அரசாங்கத்துல இலவச மிஷின் வாங்கினவங்க. அவங்ககிட்ட உக்காந்து கத்துக்கிட்டாள். பேப்பர் கட்டிங் போட்டுத்தான் படிப்பு. தினசரிப் பேப்பரை நாலா மடிச்சு, மார்புச் சுற்றளவை நாலால வகுத்து, தையலுக்கு இத்தனை, பிரிச்சு விட இத்தனைன்னு கணக்கு. நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பேப்பர்ல பாதி ஜாக்கெட் முதுகாப் போயிரும். அதுக்கு அப்புறம் பழைய மிஷின் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். பாவாடை, தலகாணி உறை, அவளோட சாதா ஜாக்கெட், அவ்வளவுதான் தைப்பாள். பட்டுல கத்திரி வச்சது இல்ல.

"மதினிக்கு நானே தைக்கிறேன்"னு சொன்னாள். சொல்லிட்டாளே தவிர, பயம்.

எங்க மக கோயம்புத்தூர்ல வேலை பாக்குறா. அவ போன்லயே ஒரு ஜாக்கெட் பேட்டர்ன் அனுப்புனா. வெளிநாட்டுல எல்லாம் வீட்டுல தைக்கிறவங்க இதைத்தான் வாங்குவாங்களாம். சைஸ் வாரியா கோடு போட்டிருக்கும், பிரிண்ட் எடுத்து ஒட்டி வெட்ட வேண்டியது. அவ சொன்ன ஒரு கதை எனக்குப் பிடிச்சிருந்தது. 1863ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் ஸ்டெர்லிங்னு ஒரு சின்ன ஊர்ல எபினேசர் பட்டரிக்குனு ஒரு டெய்லர். அதுக்கு முன்னாடி பேப்பர் அளவு ஒரே சைஸ்லதான் கிடைக்குமாம், வீட்டுப் பொம்பளைங்க தானாப் பெருசு சின்னது பண்ணிக்கணும். இந்த ஆள்தான் சைஸ் சைஸா வெட்டி விக்க ஆரம்பிச்சவர். முதல்ல ஆம்பளை, சின்னப் பையன் உடுப்புக்கு மட்டும். பொம்பளை உடுப்புக்குன்னு வந்தது அதுக்கு மூணு வருஷம் கழிச்சு. எங்கயும் அப்படித்தான் போல.

போன்ல வந்ததை ஜெராக்ஸ் கடையில குடுத்து பதினாறு தாள்ல பிரிண்ட் எடுத்துட்டு வந்தேன். ஒட்டி, வெட்டி, பழைய சேலைத் துணியில தச்சா, வீட்டம்மாவுக்கே நுழையல. ஒரு நாள் பூரா ரெண்டு பேரும் கணக்குப் பார்த்தோம். அப்புறம்தான் தாள் மூலையில ஒரு சின்னக் கட்டம் கண்ணுல பட்டது. அதை ஸ்கேல் வச்சு அளந்தா சரியா ஒரு இஞ்ச் வரணும்னு போட்டிருக்கு. வந்தது ஒரு இஞ்சுக்கு ஒரு நூல் குறைவு. தாளுக்குள்ள அடங்கட்டும்னு கடைக்காரப் பையன் சுருக்கி பிரிண்ட் போட்டுட்டான். இஞ்சுக்கு அரைக்கால் குறைஞ்சா முப்பத்தாறு இஞ்சுக்கு நாலரை இஞ்ச். ஏக்கருக்கு எத்தனை கிலோ விதைன்னு விவசாயத்துல நாங்க போடுற கணக்கும் இப்படித்தான், கையில ஒரு பிடி தப்பினா காடு பூரா தப்பும். மறுபடி நூறு சதவீதம்னு சொல்லி பிரிண்ட் எடுத்தோம். அது வீட்டம்மாவுக்கு அம்சமா இருந்தது. அக்காவுக்கு? தோள் ரெண்டும் ஒண்ணா இருக்கிற ஆளுக்குப் போட்ட பேட்டர்ன் அது.

ஒரு ஞாயித்துக்கிழமை அக்காவை உக்கார வச்சாச்சு. நான் திண்ணையில இருந்தேன், உள்ள இருந்து வீட்டம்மா நம்பர் சொல்லுவாள், நான் கடலைக் கணக்கு நோட்டுல எழுதணும். முன்பக்க அளவெல்லாம் அவளே தனியா எழுதிக்கிட்டாள், அது எனக்கு வேண்டாத சோலி. எனக்குச் சொன்னது தோளும் முதுகும் கையும். "இடது தோள் அகலம் நாலே முக்கால்." எழுதினேன். "வலது தோள் நாலேகால்." தப்பா அளந்திருப்பே, மறுபடி அளன்னு சொன்னேன். மறுபடி அதே நாலேகால். "இடுப்புல இருந்து தோள் உயரம், வலது பக்கம் முக்கால் இஞ்ச் கம்மி."

அரை இஞ்ச் எலும்பு எங்க போச்சு?

ஜீப் கவிழ்ந்தது பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி. ஆள் நிறைய ஏத்திக்கிட்டு இறக்கத்துல வந்த வண்டி. அக்காவுக்குக் காரை எலும்பு முறிஞ்சது. ஒரு எலும்புகட்டு வைத்தியர்கிட்ட கட்டுப் போட்டு, மூணு மாசம் வீட்டுல இருந்துட்டு, மறுபடி மலைக்குப் போயிருச்சு. நஷ்டஈடுன்னு ஒரு ரூபாய் யாரும் தரல. எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒட்டிக்கிச்சு, தோள் சுருங்கி இறங்கிருச்சு. நான் வாராவாரம் பாக்குற ஆள். என் சட்டை அதுக்கு மேல தொளதொளன்னு தொங்கினதுல எனக்குத் தெரியவே இல்ல. ஏலக்காயை சல்லடையில போட்டு எட்டு மில்லிமீட்டருக்கு மேல, கீழன்னு பிரிச்சு, போடி ஏலத்துலயும் புத்தடி ஏலத்துலயும் விலை வைப்பாங்க. காய்க்கு மில்லிமீட்டர் பாக்குற ஊருல இருந்துக்கிட்டு அக்கா தோள்ல அரை இஞ்ச் போனதை நான் பாக்கல. அந்தப் பக்கத்துல கொஞ்ச நேரம் எழுத வரல எனக்கு.

அதுக்கு அப்புறம் வேலை ஜரூரா நடந்தது. சாதாரணமா துணியை ரெண்டா மடிச்சு ஒரே வெட்டா வெட்டுவாங்க, அதனாலதான் இடதும் வலதும் ஒண்ணா வரும். அக்காவுக்கு அப்படி வெட்டக்கூடாது. பேப்பர் ரெண்டு, துணியை விரிச்சுப் போட்டு ஒவ்வொரு பக்கமா வெட்டணும். பட்டுல போய் சோதனை பண்ண முடியுமா? என்னோட பழைய வேட்டி ஒண்ணு பலியாச்சு. முதல் தடவை தச்சுப் போட்டுப் பார்த்தா இன்னும் மோசம். பேப்பரைத் திருப்பிப் போட்டு வெட்டிருக்காள், இறக்க வேண்டிய தோளை விட்டுட்டு நல்ல தோளை இறக்கிருக்கு! அக்கா கண்ணாடி பார்த்து சிரிச்ச சிரிப்பு திண்ணைக்குக் கேட்டது. அன்னைலருந்து ஒவ்வொரு பேப்பர்லயும் "மேல் பக்கம், வலது"ன்னு பெருசா எழுதி வைக்கிறாள். வீட்டுல தைக்கிறவங்க இதை மட்டும் மறக்காதீங்க.

ரெண்டாவது வேட்டித் துணியில தோள் உக்காந்துருச்சு. முதுகு உக்காரல. நாற்பது வருஷம் குனிஞ்ச முதுகு, மேல வளைஞ்சு போச்சு. நாலால வகுக்கிற கணக்குல முன்னும் பின்னும் சமம். அக்காவுக்கு முதுகுப் பக்கம் நீளம் கூடுதலா வேணும், முன்பக்கம் குறையணும். முதுகுல முக்கால் இஞ்ச் நீளம் சேர்த்து, பின்கழுத்து நிமிர்ந்து நிக்காம ரெண்டு சின்ன டாட் பிடிச்சாள். முன்பக்க டாட் முனையும் டெய்லர் வைக்கிற இடத்துல வைக்காம வயசுக்குத் தக்கன இறக்கி வச்சாளாம், சொன்னாள்.

கடைசி வம்பு கை. குழியைத் தோண்டத் தோண்ட கைக்கு லேசா இருக்கும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைச்சேன். நடக்கிறது நேர் எதிர். குழி ஆழமா போச்சுன்னா கையைத் தூக்கினதும் ஜாக்கெட் பூரா சேர்ந்து தூக்கும், இடுப்பு வரைக்கும் இழுக்கும். குழி கக்கத்தை ஒட்டி மேல இருந்தாத்தான் கை தனியா அசையும். ஆனா ஒட்டி வெட்டினா அக்காவுக்குப் புண்ணு பயம். இதுக்கு வழி சொன்னது எங்க அய்யாவோட ஜிப்பா. கரித்துணிக்குக் கிழிக்கலாம்னு எடுத்தவள், கக்கத்துல ஒரு சின்னச் சதுரத் துண்டு வச்சுத் தச்சிருக்கிறதைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டாள். அந்தக் காலத்து ஜிப்பாவுல எல்லாம் அது இருக்கும், கையைத் தூக்கினா அந்தத் துண்டு விரிஞ்சு குடுக்கும். ரெண்டரை இஞ்ச் சதுரத்துல, துணியைக் குறுக்கா வெட்டி, ரெண்டு கக்கத்துலயும் வச்சாள். குறுக்கு வெட்டுத் துணி கொஞ்சம் இழுபடும், அதுதான் சூட்சுமம்.

இறங்கின தோளுக்கு இலவம்பஞ்சு வச்சு ஒரு மெத்தை மாதிரி குடுத்தா ரெண்டும் சமமாத் தெரியும்னு நான் ஒரு யோசனை சொன்னேன். போடிப் பக்கம் பஞ்சுக்கா பஞ்சம்? வச்சுப் பார்த்தாங்க. பத்து நிமிஷத்துல அக்கா, "வேர்க்குதுப்பா, எடுத்துரு"ன்னு சொல்லிருச்சு.

வேட்டி ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு மேல ஒரு பழஞ்சேலையைச் சுத்திக்கிட்டு அக்கா கொல்லைப்பக்கம் வந்துச்சு. வீட்டம்மா, "மதினி, காய் எடுக்கிற மாதிரி உக்காருங்க"ன்னு சொன்னாள். வாழைத்தூர் கிட்ட அக்கா குத்தவச்சு, இடது கையால தட்டையை விலக்குற மாதிரி விலக்கி, வலது கையை உள்ள நீட்டுச்சு. ரெண்டு மூணு தடவை கிள்ளிப் பார்த்துச்சு. அப்புறம் எந்திரிச்சு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குச்சு. ஒண்ணும் சொல்லல. மறுபடி உக்காந்துச்சு, மறுபடி தூக்குச்சு. சின்னப்பிள்ளை புதுச்செருப்புப் போட்டு நடந்து பாக்குமே, அது மாதிரி. "புடிக்கலயேத்தா"ன்னு சொல்லுச்சு. பிடிச்சு இழுக்கலைன்னு அர்த்தம். எனக்கு ஒரு நிமிஷம் பக்குன்னு ஆயிருச்சு.

பட்டையும் லைனிங்கையும் வெட்டினது அதுக்கு அப்புறம். லைனிங் துணியை ஒரு ராத்திரி தண்ணியில நனையப் போட்டுக் காய வச்சுத்தான் வெட்டணும், இல்லைன்னா முதல் சலவையில சுருங்கி மேல்துணியை இழுத்துரும். துணிக்கடையில வழக்கமா 80 பாயிண்ட் குடுப்பாங்க, ரெண்டு பக்கமும் தனித்தனியா வெட்டினா அது பத்தாது, ஒரு மீட்டர் வேணும். நல்லவேளை பட்டுச்சேலையில ஜாக்கெட் துணி தாராளமா விட்டிருந்தாங்க. கொக்கி, காஜா எல்லாம் பக்கத்துத் தெரு அம்மா கைத்தையல்.

கல்யாணம் நல்லா நடந்தது. அக்கா மேடையில சேலையை இழுத்துப் போர்த்திக்காம நின்னுச்சு. போட்டோவுல வலது தோள் இறங்கித்தான் தெரியுது, ஆனா ஜாக்கெட் சுருக்கம் இல்லாம இருக்கு. அதைப் பத்தி வேற யாரும் ஒண்ணும் சொல்லல. ஜாக்கெட் சரியா இருந்தா யாரு கண்ணுலயும் படாது.

வீட்டம்மா அதோட விடல. மலைக்குப் போட ஒரு சட்டை தைக்கப் போறேன்னு ஆரம்பிச்சாள். ஆம்பளைச் சட்டை பொம்பளை உடம்புக்கு எப்படி சேரும்? தோள் தொங்கும், இடுப்புல இறுக்கும், குத்தவச்சா கீழ் பட்டன் தெறிக்கும். அதனால ரெண்டு பக்கமும் சைடு ஓப்பன் விட்டு, இடுப்பு அளவை உக்கார வச்சு எடுத்தாள். நின்னப்போ நாற்பது, உக்காந்தப்போ நாற்பத்திரண்டரை. மார்புல நாலு இஞ்ச் லூசு, ஏன்னா உள்ள சேலை மாராப்பு இருக்கு. அட்டை ஏறாம மணிக்கட்டுல பட்டன் வச்ச பட்டி, கழுத்துக்கு காலர், போனுக்கு உள்பக்கம் ஒரு பை. கக்கத்துல அய்யா ஜிப்பா துண்டு. அழுக்குத் தெரியாத கருநீலத்துல போடியில துணி எடுத்துட்டு வந்தேன்.

அக்கா அதைப் போட்டுக்கிட்டு திங்கக்கிழமை ஜீப் ஏறுச்சு. அடுத்த ஞாயிறு எங்க வாசல்ல அஞ்சு பொம்பளைங்க. ஆளுக்கு ஒரு அளவு ஜாக்கெட்டு கையில. "அதெல்லாம் வேணாம், ஆளை அளக்கணும், உள்ள வாங்க"ன்னு வீட்டம்மா கூப்பிட்டாள். நான் நோட்டை எடுத்துக்கிட்டு திண்ணைக்குப் போனேன். அஞ்சு பேர்ல மூணு பேருக்கு ரெண்டு தோளும் ஒண்ணா இல்ல. கூலி எவ்வளவு வாங்கணும்னு எங்களுக்குள்ள இன்னும் முடிவு ஆகல. நூத்தம்பது கேக்கலாம்னு நான் சொல்றேன், அவங்க ஒரு நாள் சம்பளத்துல அது எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமான்னு அவள் கேக்குறாள்.

போன வாரம் வெள்ளனமே தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போறப்போ ஜீப் நிக்கிற இடத்துல அக்காவைப் பார்த்தேன். என்னோட பழைய கட்டம் போட்ட சட்டையைத்தான் போட்டிருக்கு. "புதுச்சட்டை எங்கக்கா?"ன்னு கேட்டேன். பட்டனை அவுத்து உள்ள காட்டுச்சு. கருநீலச் சட்டை உள்ள இருக்கு, அதுக்கு மேல என் சட்டை.

"புதுசுல்ல, அழுக்காகிரும்"னு சொல்லிட்டு ஜீப் ஏறிருச்சு. வீட்டம்மாகிட்ட இதை இன்னும் நான் சொல்லல.